டிசம்பர் வாடையிலும் சோராத கைகள்

ஆண்டுக் கடைசியில் ஒரு குழுவின் மனம் தளராமல் இருக்க என்ன வழி? மெரினாவின் தென்பக்கம், நொச்சிக்குப்பத்துக் கடல்தொழிலில் அதற்குப் பதில் இருக்கிறது.

டிசம்பர் பிறந்ததும் மயிலாப்பூரின் நடையே மாறிவிடும். சபாக்களில் கச்சேரி, கேன்டீன்களில் கூட்டம், கபாலீசுவரர் கோயிலில் மார்கழி விடியல் பூசை, சாந்தோம் பேராலயத்தில் கிறிஸ்துமஸ் ஏற்பாடு என்று ஊரே வேறு தாளத்தில் நடக்கும். தி.நகரில் தீபாவளி வியாபாரத்தின் அலுப்பு இன்னும் தீராது, அதற்குள் பொங்கல் சரக்கு வந்து இறங்கும். அடையாறு வழியாகப் பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போகும் கம்பெனி வண்டிகளில் இருக்கைகள் காலியாகத் தொடங்கும். மிச்சமிருக்கும் விடுப்பை எடுத்தவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். எடுக்க முடியாதவர்கள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள், மனம் மட்டும் அங்கே இருக்காது. எதைக் கேட்டாலும் ‘ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதுதான் பதில்.

இந்தச் சோர்வை எப்படிச் சமாளிப்பது என்பது ஒவ்வொரு குழுத் தலைவருக்கும், கடை முதலாளிக்கும், பட்டறை நடத்துபவருக்கும் ஆண்டுதோறும் வரும் தலைவலி. ஒரு நாள் விருந்து, சீட்டுக் குலுக்கிப் பரிசுப் பரிமாற்றம், மேடையில் ஓர் ஊக்கப் பேச்சு என்று ஏதாவது செய்து பார்க்கிறார்கள். விருந்து முடிந்த மறுநாளே பழைய சோர்வு திரும்பிவிடுகிறது.

சாந்தோம் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பினால் சில நிமிட நடையில் மெரினா லூப் ரோடு. கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே நொச்சிக்குப்பம், நொச்சி நகர், டுமீல்குப்பம், முள்ளிக்குப்பம், சீனிவாசபுரம் என்று அடுத்தடுத்து மீனவர் குடியிருப்புகள். அலுவலகங்களை ஆட்டிப்படைக்கும் அதே டிசம்பர் இந்தக் கரையை இன்னும் கடுமையாக அடிக்கிறது. கடல் மூடிக்கொள்கிறது, வருமானம் நின்றுபோகிறது, வாங்க வருபவர்களில் பலர் விரதத்தில் இருக்கிறார்கள், வீட்டில் பண்டிகைச் செலவு காத்திருக்கிறது. போதாக்குறைக்கு 2004 டிசம்பர் 26-இன் சுனாமித் துக்கம் வேறு. இத்தனைக்கும் நடுவில், கடல் தெளிந்த மறுநாள் விடியற்காலை படகைத் தள்ள ஆள் சேர்ந்துவிடுகிறது.

எப்படிச் சேர்கிறது என்று பார்த்தால், அங்கே ஊக்கப் பேச்சு எதுவும் கிடையாது. தலைமுறைகளாக வந்த சில முறைகள் இருக்கின்றன. எல்லாரும் அறிந்த பங்குக் கணக்கு, ஊரே கூடி ஒத்துக்கொண்ட ஓய்வு, நல்ல மாதத்தில் எடுத்துவைத்த காசு, வேண்டாம் என்று சொல்ல உரிமை. குழுவின் உற்சாகம் இந்த நான்கின் மேல்தான் நிற்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

கடலே விடுமுறை விடும் மாதம்

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியை வடகிழக்குப் பருவமழைதான் கொண்டுவருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றின் ஆட்சி. கோடையில் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் ‘தெண்டி’ நீரோட்டம் போய், வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும் ‘வன்னி’ வந்திருக்கும். வலை எந்தப் பக்கம் போகும், படகு எங்கே ஒதுங்கும் என்பதெல்லாம் மாறிவிடும். அருகிலுள்ள ஊரூர் குப்பத்தின் மூத்த மீனவர் பாளையம் போன்றவர்கள் இந்தக் காற்றையும் நீரோட்டத்தையும் நாள்தோறும் கவனித்துச் சொல்லும் அறிவு, எந்தக் கல்லூரியும் கற்றுத்தராத படிப்பு.

சென்னையின் அண்மைக்கால டிசம்பர்களை நினைத்துப் பாருங்கள். 2015-இல் மாதம் பிறந்த முதல் இரண்டு நாளில் அடையாறு கரை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் நகரத்தின் மேலேயே கரை கடந்தது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் மாமல்லபுரம் அருகே ஏறியது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் கரையைத் தொடாமலேயே சென்னையை மூழ்கடித்துவிட்டு ஆந்திரத்துக்குப் போனது. 2024-இல் ஃபெஞ்சல் நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கரையேறி டிசம்பரை வரவேற்றது.

ஒவ்வொரு எச்சரிக்கையின்போதும் நொச்சிக்குப்பத்தில் நடப்பது ஒன்றுதான். யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். மணலில் நிற்கும் ஃபைபர் படகுகளை மேட்டுக்கு இழுக்க வேண்டும். அலை ஏறும் என்று தெரிந்தால் லூப் ரோட்டுக்கே கொண்டுவந்து நிறுத்துவார்கள். இஞ்சினைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். ஒரு படகை ஒரு குடும்பம் மட்டும் இழுத்துவிட முடியாது. பக்கத்துப் படகுக்காரர் கை கொடுத்தால்தான் நகரும், அவருடைய படகுக்கு இவர்கள் கை கொடுப்பார்கள். தொழில் நின்ற நாளில்தான் குழு மிக நெருக்கமாகச் சேர்ந்து வேலை செய்கிறது.

கரையில் இருக்கும் நாளின் வேலை

படகு மேட்டில் ஏறியபின் வலைகள் வெளியே வருகின்றன. மழை விட்ட நேரமாகப் பார்த்து, படகின் நிழலிலோ தார்ப்பாய்க்குக் கீழேயோ நாலைந்து பேர் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் வலையின் ஓரத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொள்வார். கையில் நூல் சுற்றிய வலை ஊசி. நண்டு கடித்த இடம், பாறையில் மாட்டிக் கிழிந்த இடம் ஒவ்வொன்றையும் விரலால் தடவிக் கண்டுபிடித்து, பிய்ந்த கண்ணியை வெட்டிச் சுத்தமாக்கி, புதுக் கண்ணி போட்டுக்கொண்டே போவார். கண்ணியின் அளவு பிசகக் கூடாது. இந்த வலைக்கு எந்த மீன் படும் என்பதை அந்த அளவுதான் முடிவு செய்கிறது. மேல்கயிற்றில் மிதவை, அடிக்கயிற்றில் ஈயக்குண்டு விழுந்த இடங்களை இன்னொருவர் பார்ப்பார். சின்னப் பையன்கள் நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டே பழகுவார்கள்.

இந்த வேலையைக் கடல் நன்றாக இருக்கும் மாதத்தில் செய்ய நேரம் கிடைக்காது. கிழிசலை அவசரத்துக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டு மறுநாளும் போய்விடுவார்கள். ஆண்டு முழுவதும் தள்ளிப்போட்ட பழுதெல்லாம் இந்தக் கட்டாய ஓய்வில்தான் சரியாகிறது. கடலுக்குப் போகாத நாளிலும் கைக்கு ஒரு வேலை இருக்கிறது, அதன் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. பேச்சும் அங்கேதான் நடக்கிறது. போன மாதம் யார் செய்தது தவறு, எந்த இடத்தில் வலை விட்டிருக்க வேண்டும், அடுத்த பருவத்துக்கு எந்த வலை வாங்குவது என்பதெல்லாம் அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே பேசித் தீர்க்கப்படுகிறது.

அலுவலகங்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். டிசம்பரின் கடைசிப் பத்து நாளில் புதிய வேலையைத் தொடங்கி, பாதிப் பேர் இல்லாத குழுவை முழு வேகத்தில் ஓடச் சொல்வது வீண். பழுது பார்க்க அதுதான் காலம். ஆண்டு முழுவதும் ஓரமாகக் கிடந்த கோப்புகள், எழுதாமல் விட்ட வேலைக் குறிப்புகள், ஒருவருக்கு மட்டுமே தெரிந்த வேலையை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பது, கணக்கு நேர் செய்வது. இவையெல்லாம் சிறிய, முடிக்கக்கூடிய, முடித்தது தெரியக்கூடிய வேலைகள். ஜப்பானில் ஆண்டு முடியும் நேரத்தில் வீட்டையும் அலுவலகத்தையும் முழுவதுமாகச் சுத்தம் செய்வது பழைய வழக்கம். பல ஜெர்மன் நிறுவனங்கள் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை ஒட்டுமொத்தமாக மூடிவிடும். சுணங்கும் காலத்தைச் சுணங்கும் காலம் என்று ஒத்துக்கொண்டு, அதற்கேற்ற வேலையை ஒதுக்குவதில்தான் புத்திசாலித்தனம் இருக்கிறது.

மணலில் பிரியும் பங்கு

கடல் தெளிந்து படகு போய் வந்தால், அடுத்து நடக்கும் காட்சியை லூப் ரோட்டில் காலையில் போகிற எவரும் பார்க்கலாம். மீன் ஏலம் போகிறது, பணம் கைக்கு வருகிறது, கணக்கு அன்றைக்கே முடிகிறது. ஊருக்கு ஊர், வலைக்கு வலை கணக்கு மாறும். அடிப்படை ஒன்றுதான். விற்ற பணத்தில் எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவு முதலில் கழியும். மிச்சத்தில் படகுக்கும் இஞ்சினுக்கும் வலைக்கும் ஒரு பகுதி. மீதி, கடலுக்குப் போனவர்களுக்கு ஆளுக்கொரு பங்கு. உதாரணத்துக்கு, மீன் 9,000 ரூபாய்க்கு விற்று 3,000 செலவு போனால் மிச்சம் 6,000. பாதியைப் படகுக்கும் வலைக்கும் வைத்தால், மீதி 3,000 மூன்று பேருக்கு ஆளுக்கு 1,000 வரும். படகுக்காரரும் கடலுக்குப் போயிருந்தால் ஆள் பங்கில் அவருக்கும் ஒன்று. இது தவிர ஒவ்வொருவர் வீட்டுக்கும் குழம்பு மீன்.

இந்தக் கணக்கில் மூன்று சிறப்புகள். முதலாவது, வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்பது படகில் போன கடைசி ஆளுக்கும் தெரியும். இரண்டாவது, பலன் உழைத்த அன்றைக்கே கைக்கு வருகிறது. மூன்றாவது, மீன் படாத நாளில் இழப்பும் எல்லாருக்கும் பொது. தான் மட்டும் ஏமாந்தோம் என்ற எண்ணம் யாருக்கும் வராது. டிசம்பரில் பத்து நாள் கரையில் கிடந்தாலும் பதினோராம் நாள் அதே ஆட்கள் அதே படகுக்கு வருவதன் ரகசியம் இங்கே இருக்கிறது.

பங்கு முறை என்ற பெயர் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்களிலும் சம்பளம் கிடையாது, பங்குதான். கப்பல் தலைவருக்கு வரவில் பத்திலோ பதினைந்திலோ ஒரு பங்கு கிடைக்கும். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு நூற்றைம்பதிலோ இருநூற்றிலோ ஒரு பங்கு. அதிலும் உடைக்கும் புகையிலைக்கும் கப்பல் கணக்கில் பற்று எழுதிக் கழிப்பார்கள். இரண்டு, மூன்று ஆண்டு கடலில் கிடந்துவிட்டு வெறுங்கையோடு இறங்கியவர்கள் உண்டு. வழியில் வந்த துறைமுகங்களில் கப்பலை விட்டு ஓடியவர்களும் ஏராளம். பங்கு நியாயமாக இருந்தால்தான் ஆள் நிற்பார்கள்.

நம் ஊர்ச் சட்டமும் இந்த நியாயத்தை ஓரளவு ஏற்றிருக்கிறது. 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம், பிந்தைய திருத்தங்களின்படி, குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று வரையறுத்தது. ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் தொழிலாளியின் உரிமை என்பது அதன் பொருள். தமிழ்நாட்டில் அது தீபாவளிக்கு வந்து தீபாவளியோடு தீர்ந்துவிடுகிறது. டிசம்பரில் ஒரு குழுத் தலைவர் செய்ய வேண்டியது, அந்த ஆண்டின் கணக்கைத் திறந்து காட்டுவது. எவ்வளவு வந்தது, எங்கே இழந்தோம், யாருடைய உழைப்பு எந்த வெற்றிக்குக் காரணம், அடுத்த ஆண்டு யாருக்கு என்ன உயர்வு. இதைத் தெளிவாகச் சொல்லாத இடத்தில் கேக் வெட்டினாலும் கைதட்டல்தான் வரும், உழைப்பு வராது.

சந்தையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள்

படகு போகாத நாளிலும் ஓயாதவர்கள் மீன் விற்கும் பெண்கள். தம் ஊர்ப் படகு வராவிட்டால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் மீன் எடுத்து வருவார்கள். கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போட்டவர் வீடுகளில் மீன் நின்றுவிடும். மண்டல விரதம் 41 நாள், டிசம்பர் கடைசி வரை போகும். மழையும் சேர்ந்தால் கூறு கட்டி வைத்த மீன் மதியம் வரை அப்படியே இருக்கும். பிறகு கிறிஸ்துமஸ் வாரத்தில் திடீரென்று கூட்டம் பொங்கும். வஞ்சிரமும் வவ்வாலும் இறாலும் எவ்வளவு இருந்தாலும் போதாது. புத்தாண்டு வரை அந்த ஓட்டம் தொடரும்.

சுணங்கும் நாளில் முதல் போட்டு மீன் எடுக்கத் ‘தண்டல்’ கடன் வாங்குவார்கள். காலையில் வாங்கிய பணத்துக்கு மாலையிலேயே வசூலிக்க ஆள் வரும். விற்காத நாளின் கடன், விற்கிற நாளின் லாபத்தைத் தின்றுவிடும். இந்தச் சங்கிலியைப் பற்றிப் பேசாமல் மன உறுதியைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமாகாது.

அவர்கள் உட்காரும் இடமே கேள்விக்குறியாக இருந்த காலமும் உண்டு. 2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவையடுத்து லூப் ரோட்டோரக் கடைகளை மாநகராட்சி அகற்றியது. மீனவர்கள் சாலையில் இறங்கிப் போராடினார்கள். பின்னர் 2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் 366 கடைகளோடு நவீன மீன் சந்தை திறக்கப்பட்டது. நாளை இந்த இடம் இருக்குமா என்று பயந்துகொண்டே வியாபாரம் செய்பவரிடம் உற்சாகத்தை எதிர்பார்க்க முடியாது. ஆண்டுக் கடைசியில் ‘ஒப்பந்தம் நீளுமா’ என்று காத்திருக்கும் தற்காலிகப் பணியாளர்களின் நிலையும் இதுவே. நீட்டிப்பு உண்டா இல்லையா என்பதை டிசம்பர் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவது, எந்தப் பரிசுப் பொட்டலத்தையும்விடப் பெரிய உதவி.

உட்காரும் இடத்தின் பிரச்சினை மீன் சந்தையோடு நிற்பதில்லை. தி.நகர் போன்ற இடங்களின் கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பணியாளர்களுக்காக 2021-இல் தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. பணியாளர் உட்கார இருக்கை தர வேண்டும் என்பது இப்போது சட்டம். அதற்கு முன்பே 2018-இல் கேரளம் வழிகாட்டியது. பண்டிகைக் கால நெரிசலில் முதலில் மறைவது அந்த இருக்கைதான். மனத்தின் தெம்பு காலில் தொடங்குகிறது என்பதைக் கடைக்காரர்கள் மறக்கக் கூடாது.

துக்கத்துக்கும் ஒரு நாள்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸின் மறுநாள் காலை. சுமத்ரா அருகே கடலடியில் நேர்ந்த நிலநடுக்கம் எழுப்பிய அலைகள் தமிழ்நாட்டுக் கரையில் சுமார் 8,000 உயிர்களைக் கொண்டுபோயின. நாகப்பட்டினம்தான் மிக மோசமாக அடிபட்டது. சென்னையில் இந்தக் கரையோரக் குப்பங்கள் எல்லாம் இழந்தன. படகு, வலை, வீடு, பிள்ளைகள்.

அந்த நாளில் இன்றும் கடலோர ஊர்கள் பலவற்றில் தொழிலுக்குப் போவதில்லை. கடலில் பால் ஊற்றி, பூத் தூவி, மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில், மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் நாள் அது. இருந்தும் யாரும் அதை வியாபாரக் கணக்கில் பார்ப்பதில்லை. ஊரில் ஒரு சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை கடலுக்குப் போகாத வழக்கத்தின் தொடர்ச்சி இது. ஒருவர் துக்கத்தில் இருக்கும்போது மற்றவர் வலை வீசி முந்திக்கொள்ள மாட்டார் என்ற உறுதி, குழுவுக்கு எவ்வளவு பெரிய பலம்!

பண்டிகைக் காலம் எல்லாருக்கும் மகிழ்ச்சியைக் கொண்டுவருவதில்லை. அந்த ஆண்டில் தாயை இழந்தவர், மணமுறிவில் இருப்பவர், ஊருக்குப் போகக் காசில்லாதவர் எல்லாரும் குழுவில் இருப்பார்கள். வண்ண விளக்குக் கட்டி எல்லாரையும் சிரிக்கச் சொல்வது அவர்களை இன்னும் தனிமைப்படுத்தும். கட்டாயக் கொண்டாட்டம் வேண்டாம். வருவதும் வராததும் அவரவர் விருப்பம் என்று சொல்லிவிடுங்கள். ஆண்டில் இழப்பைச் சந்தித்தவரிடம் தனியாகப் போய் இரண்டு வார்த்தை பேசுங்கள். வேலையை யார் பகிர்ந்துகொள்வது என்று கேட்டு ஏற்பாடு செய்யுங்கள்.

நல்ல மாதத்தில் கட்டும் காசு

மீன்பாடு குறையும் மாதம் வருடாவருடம் வரும் என்பது தெரிந்த செய்தி. அதற்கு முன்கூட்டியே வழி செய்வதுதான் மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டம். மீன் கிடைக்கும் மாதங்களில் மீனவர் சிறுகச் சிறுக 1,500 ரூபாய் கட்டுகிறார். ஒன்றிய அரசு 1,500, மாநில அரசு 1,500 சேர்த்து, சுணங்கும் காலத்தில் 4,500 ரூபாயாகத் திரும்பி வருகிறது. மீனவ மகளிர் கட்டும் 1,500 ரூபாயோடு மாநில அரசு 3,000 சேர்த்துத் தருகிறது. இவை தவிர, குறைந்த மீன்பிடிக் காலத்துக்கென்று குடும்பத்துக்கு 6,000 ரூபாய் சிறப்பு உதவித்தொகையும் உண்டு.

தொகை சிறியது. மூன்று மாதக் குடும்பச் செலவுக்கு எந்த வகையிலும் போதாது. ஆனால் அதன் பின்னால் இருக்கும் சிந்தனை பெரியது. வறண்ட காலத்துக்கான ஏற்பாட்டை வளமான காலத்தில், உழைப்பவரும் அரசும் சேர்ந்து செய்கிறார்கள். ஐந்து பேர் வேலை செய்யும் அச்சகமோ தையல் கடையோகூட இதைச் செய்யலாம். நன்றாக ஓடும் மாதத்தில் முதலாளி ஒரு பங்கு, தொழிலாளி ஒரு பங்கு என்று போட்டு வைத்தால், டிசம்பரில் மிகைநேர வேலைக்கோ கடனுக்கோ அலைய வேண்டாம். விடுப்பும் இப்படிச் சேர்த்துவைக்கும் சேமிப்புதான். அக்டோபரிலேயே யார் எப்போது போகிறார் என்று பலகையில் எழுதிவிட்டால், கடைசி வாரச் சண்டை இருக்காது. கிறிஸ்துமஸ் கொண்டாடுபவர் கிறிஸ்துமஸுக்குப் போகட்டும், பொங்கல் கொண்டாடுபவர் அன்று வேலை பார்த்துவிட்டுப் பொங்கலுக்குப் போகட்டும். நொச்சிக்குப்பம் போன்ற ஊர்களில் கோயிலும் மாதா கோயிலும் அருகருகே இருப்பதால் இந்த விட்டுக்கொடுத்தல் அவர்களுக்குப் பழகிய ஒன்று.

போகலாமா, வேண்டாமா?

டிசம்பரின் மிகக் கடினமான கேள்வி இதுதான். கிறிஸ்துமஸ் நெருங்குகிறது, விலை ஏறுகிறது, கையில் காசில்லை, கடல் பாதி தெளிந்தும் பாதி கலங்கியும் கிடக்கிறது. அந்த நேரத்தில் முடிவை ஒருவர் மட்டும் எடுப்பதில்லை. ஐதராபாத்திலிருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் மையம் அலையின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் கணித்து அனுப்புகிறது. வானிலை மையத்தின் எச்சரிக்கை கைபேசிக்கு வருகிறது. அதற்கு மேல், கரையில் நின்று அலை மடியும் இடத்தையும் மேகம் இருக்கும் திசையையும் பார்க்கும் மூத்தவர்களின் சொல் இருக்கிறது. அவர்கள் தலையை ஆட்டாவிட்டால் துடிப்பான இளைஞர்களும் நின்றுவிடுவார்கள். போக மனமில்லாதவரை யாரும் கோழை என்று சொல்வதில்லை.

எச்சரிக்கை உரியவர் காதுக்கு உரிய நேரத்தில் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை 2017 நவம்பர் 30 காட்டியது. ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலைத் தாக்கியபோது, ஆழ்கடலுக்குப் பல நாள் முன்பே போயிருந்த மீனவர்களுக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அந்த டிசம்பரை இன்றுவரை மறக்கவில்லை.

அலுவலகத்தில் உயிருக்கு ஆபத்து இல்லை என்று சொல்லிவிட வேண்டாம். ஆண்டுக் கடைசி இலக்குக்காக இரவு பகலாக விழித்து உடல் கெட்டவர்கள் நம் ஊரில் குறைவில்லை. பண்டிகை வாரத்தில் விநியோக இளைஞர்கள் மழைச் சாலையில் நிமிடக் கணக்குக்குப் பறக்கிறார்கள். ‘இது இந்த மாதம் முடியாது’ என்று சொல்லக்கூடிய மூத்தவர் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும். அவர் சொல்வதைக் கேட்கும் மேலாளரும் இருக்க வேண்டும்.

நிறுத்த வேண்டிய நேரத்தில் வேலையை முழுமையாக நிறுத்த வேண்டும் என்பதை ஓய்வைப் பற்றிய ஆராய்ச்சியும் உறுதி செய்கிறது. வேலையிலிருந்து உடல் மட்டும் விலகினால் போதாது, மனமும் விலகினால்தான் தெம்பு திரும்பும் என்று ஜெர்மன் உளவியலாளர் சபீனே சோனன்டாக் நீண்ட காலமாக ஆராய்ந்து எழுதிவருகிறார். விடுமுறையில் கிடைத்த புத்துணர்ச்சி வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில் கரைந்துவிடுகிறது என்பது ஜெசிக்கா டி ப்ளூமும் அவருடைய குழுவினரும் கண்டது. ஆகவே ஆண்டுக்கொரு முறை பத்து நாள் விடுப்பு எடுத்துவிட்டு மீதி நாளெல்லாம் மூச்சுவிடாமல் ஓடுவதில் பயனில்லை. விடுப்பில் இருப்பவருக்கு வாட்ஸ்அப்பில் ‘ஒரே ஒரு சந்தேகம்’ என்று செய்தி அனுப்புவதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. படகு மேட்டில் ஏறியபின் யாரும் மீனவரைக் கடலுக்கு அழைப்பதில்லை.

குறைகளும் உண்டு

நொச்சிக்குப்பத்தைச் சொர்க்கமாகக் காட்டுவது என் நோக்கமில்லை. பங்குக் கணக்கில் பெண்களின் உழைப்பு பெரும்பாலும் சேர்வதில்லை. கரையில் கிடக்கும் நாட்களின் வெறுமையைக் குடியில் கழிப்பவர்கள் இருக்கிறார்கள், அதன் சுமை வீட்டுக்காரிகளின் தலையில் விழுகிறது. நிச்சயமில்லாத வருமானத்தைப் பார்த்து அலுத்துப்போன இளைஞர்கள் வேறு வேலை தேடிப் போகிறார்கள், அதில் தவறும் இல்லை. சேமிப்புத் திட்டத்தின் பணம் உரிய மாதத்தில் கைக்கு வர வேண்டும். மழை முடிந்து பொங்கலும் முடிந்தபின் வரும் நிவாரணத்தால் தண்டல்காரருக்குத்தான் லாபம். அக்டோபர் பிறக்கும்போதே அந்தத் தொகை வங்கிக் கணக்கில் ஏற வேண்டும் என்பது அரசுக்கு நாம் வைக்கும் கோரிக்கை. விலைவாசிக்கு ஏற்ப அதை உயர்த்துவதும் காலத்தின் தேவை.

இந்தக் குறைகளுக்கு நடுவிலும் அங்கே ஒன்று நிலைத்திருக்கிறது. உழைப்பவர்களை நடத்தும் முறை நேர்மையாக இருந்தால், மோசமான மாதத்தைக்கூடக் குழு தாங்கிக்கொள்ளும். முறை கோணலாக இருந்தால், நல்ல மாதத்திலும் ஆள் மனத்தளவில் விலகிவிடுவார்.

பத்துப் பேரை வைத்து வேலை வாங்குபவராக நீங்கள் இருந்தால், இந்த டிசம்பரில் நான்கு காரியம் செய்யுங்கள். ஆண்டின் கணக்கை அவர்கள் முன்னால் திறந்து வையுங்கள். யாருக்கு எப்போது ஓய்வு என்பதைச் சேர்ந்து முடிவு செய்து, அந்த ஓய்வில் குறுக்கிடாதீர்கள். வேலைக்கு இருப்பவர்களிடம் முடிக்கக்கூடிய பழுதுவேலையை மட்டும் கொடுங்கள். முடியாது என்று ஒருவர் சொன்னால் காரணத்தைக் கேளுங்கள், அவரைக் குறித்துவைக்காதீர்கள். ஜனவரியில் உங்கள் ஆட்கள் தெம்போடு வந்து நிற்பது, இந்த நான்கையும் நீங்கள் எவ்வளவு உண்மையாகச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது.